அம்மாவின் கால் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது: பங்கசுதானா, மாத்திரை கொடுக்கலாமா?

கொழுந்துமலை மகள் (தலவாக்கலை):

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. இன்னமும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். வலது கால் பெருவிரல் நகம் ஓரத்தில் மஞ்சளாக ஆரம்பித்து, இப்போது பாதிக்கு மேல் தடித்துவிட்டது. நுனியில் நகத்துக்கும் சதைக்கும் நடுவே மாவாக உதிர்கிறது. நகவெட்டியின் வாய்க்குள் நகம் நுழைவதில்லை. வலி இல்லை என்கிறார், ஆனால் மூடிய சப்பாத்து போட்டால் முகம் சுளிக்கிறார். கோயிலில் செருப்பைக் கழற்றும்போது சேலைக் கரையை இழுத்துக் காலை மறைத்துக்கொள்கிறார். பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

அடுத்த லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அக்கா ஒருவர், பங்கசுக்கு நல்லது என்று ஒரு மாத்திரை அட்டை கொடுத்திருக்கிறார். அவருடைய மகன் கொழும்பில் வாங்கியதில் மீதமாம். அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது, கொலஸ்ட்ரோலுக்கும் மாத்திரை எடுக்கிறார். மாதாமாதம் கிளினிக் போகிறோம், ஆனால் அங்கே நகத்தைக் காட்ட வெட்கப்படுகிறார். அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?

மருந்துக்கடைத் தம்பி (ஹட்டன்):

அக்கா, அந்த அட்டையை அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆபத்து எவ்வளவு என்பது பெயரைப் பொறுத்தது. இட்ரகொனசோல் என்றால், சிம்வாஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரையோடு சேரவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். இதயம் பலவீனமானவர்களுக்கும் அது ஆகாது. ஃபுளுகொனசோல் என்றால், கிளிக்லசைட் போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். டெர்பினஃபின் இந்த இரண்டு மருந்துகளோடும் பெரிதாக மோதுவதில்லை. ஆனாலும் ஈரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று இரத்தத்தில் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

யாரோ மீதம் வைத்த ஓர் அட்டையால் கால் நகம் குணமாகவும் ஆகாது. டெர்பினஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று என்று கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். அரைகுறையாக எடுத்து நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை. பிறகு பரிசோதனைக்குக் கொடுத்தாலும் பங்கசு இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

மருதாணி வீடு (பண்டாரவளை):

மகளே, மாத்திரை மருந்தெல்லாம் எதற்கு? எங்கள் காலத்தில் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி இலையை அரைத்து இரவில் கட்டுவோம், ஆறிவிடும். நகத்துக்கும் அதையே கட்டுங்கள். வினாகிரியில் கால் ஊறவைத்தாலும் நல்லது. என் நாத்தனாருக்கு அப்படித்தான் நகம் திருந்தியது.

ஆய்வுகூட அண்ணன் (கண்டி):

மருதாணி பற்றி அக்கா சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. விரலிடுக்குத் தோலில் அதற்கு ஓரளவு வேலை உண்டு. நகத்தின் கதை வேறு. பங்கசு இருப்பது நகத்தின் மேலே அல்ல, அடியில், நகம் சதையோடு ஒட்டியிருக்கும் படுக்கையில். மேலே எதைத் தடவினாலும் அந்தத் தடித்த தகட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மருதாணி இன்னொரு தொல்லையும் செய்கிறது: நகத்தைச் செம்மஞ்சளாக்கி உண்மையான நிறத்தை மறைத்துவிடும். வைத்தியரிடம் காட்டப் போகிறவர்கள் நகத்தை நிறமில்லாமல் வைத்திருப்பது நல்லது.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்று. எல்லோரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அது பங்கசுதான் என்று யார் சொன்னது? தடித்து நிறம் மாறிய நகங்களில் ஏறத்தாழ பாதியே பங்கசு. சொரியாசிஸ் என்ற தோல் நோய் நகத்தில் வந்தால் இதே மஞ்சள், இதே தடிப்பு, இதே உதிர்வு. ஆண்டுக்கணக்கில் சப்பாத்து அழுத்தினாலும், கல்லில் இடிபட்டாலும் நகம் தடிக்கும். வயதானாலும் தடிக்கும். பார்வையை மட்டும் நம்பி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால் இரண்டு பேரில் ஒருவர் வீணாக விழுங்குகிறார்.

பரிசோதனை ஒன்றும் பெரிய காரியமில்லை. ஊசி இல்லை, இரத்தம் இல்லை. நகத்தின் தளர்ந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, அடியில் நோயும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லைக்கு அருகிலிருந்து தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். நுனியில் தொங்கும் துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அதில் பெரும்பாலும் செத்த பங்கசுதான் இருக்கும். சுரண்டிய தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு துளி விடுவோம். நகத்தின் கெரட்டின் என்ற புரதம் மெல்லக் கரைந்து தெளியும். அப்போது நுணுக்குக்காட்டியில், ஒழுங்கற்ற நகக் கலங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கணுக்கணுவாகப் பிரிந்து கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய பங்கசு இழைகள் ஓடுவது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் பங்கசு உறுதி. எந்த வகை என்று அறிய வளர்ப்பு ஊடகத்தில் இட வேண்டும்; அதற்கு 4 வாரம் வரை பிடிக்கும். முதல்முறை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் மீண்டும் எடுப்பார்கள், ஏனென்றால் வளர்ப்பு பல சமயம் தவறவிடுகிறது.

மாதிரி கொடுப்பதற்குச் சில வாரம் முன்பே பூச்சு மருந்துகளை நிறுத்திவிடுங்கள், தங்கச்சி. பெரிய வைத்தியசாலைகளின் தோல் நோய் கிளினிக்கில் இதைச் செய்வார்கள். அங்கே போவதற்கு நீரிழிவு கிளினிக் வைத்தியரிடமே துண்டு எழுதித் தரக் கேட்கலாம்.

கரட் தோட்டம் (நுவரெலியா):

கால் நகத்துக்கு நடுவே நான் கை நகத்தைக் கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். என் மனைவி கரட் கழுவுகிற இடத்தில் வேலை செய்கிறார். விடிகாலையிலிருந்து கை ஐஸ் போன்ற தண்ணீரில்தான். இரண்டு கையிலும் நகத்தைச் சுற்றியுள்ள தோல் வீங்கிச் சிவந்து, அழுத்தினால் கொஞ்சம் சீழ் வருகிறது. நகம் அலையலையாக வளர்கிறது, ஒன்றின் ஓரம் பச்சை கலந்த கருமை. இதுவும் அதே பங்கசுதானா?

மருந்துக்கடைத் தம்பி (ஹட்டன்):

அண்ணன், இது வேறு வழியில் வருவது. அக்காவின் அம்மாவுக்கு இருப்பது பங்கசு என்றால் அனேகமாக டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற வகை. அது நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்ளே நகரும். உங்கள் வீட்டில் தொடக்கம் நகத்தில் அல்ல, நகக்கண்ணில். நகத்தையும் தோலையும் ஒட்டவைத்து அடைப்பாக நிற்கும் மெல்லிய தோல், எப்போதும் நனைந்தால் அழிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் தண்ணீரும் சவர்க்காரமும் புகுந்து தோலைப் புண்ணாக்க, கண்டிடா என்ற மதுவப் பங்கசு அங்கே குடியேறுகிறது. பச்சை நிறம் பங்கசு அல்ல, சூடோமோனாஸ் என்ற பக்டீரியா. சீழ் வருவதால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இங்கே மருந்தைவிடக் கை காய்வதுதான் முக்கியம். வெறும் இறப்பர் கையுறைக்குள் வியர்த்து இன்னும் ஊறும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் இறப்பர். பருத்தி நனைந்தவுடன் மாற்ற வேண்டும். நகக்கண் தோலைக் குச்சியால் தள்ளுவதும் கத்தரிப்பதும் வேண்டாம். அந்தத் தோல் திரும்ப வளர்ந்து ஒட்டுவதற்கே மாதங்கள் ஆகும்.

பெரட்டுக்களம் (பொகவந்தலாவை):

கையுறையை மாற்று, காலைக் காயவை என்று எழுதுவது எளிது. எங்கே வைத்துக் காயவைப்பது? மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழை ஓய்வதில்லை. காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) முடிந்து மலைக்கு ஏறும்போதே கால் நனைந்துவிடும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசிய காலோடு மாலைவரை நிற்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து காலைத் துடைக்க ஓர் ஒதுங்குமிடம் பல மலைகளில் இல்லை. வீட்டுக்கு வந்தால் ஓர் அறை, ஓர் இஸ்தோப்பு (திண்ணை). நனைந்த மேசு (காலுறை) அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும், விடிந்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஒரே நகவெட்டி, சில வீடுகளில் ஒரே பிளேட், மூன்று வீட்டைச் சுற்றி வரும்.

சுத்தமில்லாதவர்களுக்கு வருகிற நோய் இது என்று நம் பெண்களை யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாள் முழுவதும் ஈரத்தில் நின்று வேலை செய்பவர்களுக்கு வருகிற நோய். பூட்ஸ், மாற்று மேசு, ஒதுங்குமிடம் மூன்றையும் தொழில் பாதுகாப்பு என்ற கணக்கில் கேட்க வேண்டும். நான் பேசுகிற கூட்டங்களில் எல்லாம் கேட்கிறேன், இங்கேயும் பதிகிறேன்.

ஓய்வுபெற்ற தாதி (பதுளை):

பெரட்டுக்களம் தம்பி சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஊவாப் பக்கம் எங்களுக்கு அந்த மழை டிசம்பரில் வரும், நிலைமை அதேதான். பூட்ஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இறப்பர் பூட்ஸ் அட்டையையும் வெட்டுக்காயத்தையும் தடுக்கும், ஆனால் உள்ளே வியர்வை போக வழியில்லை. சூடும் ஈரமும் சேர்ந்த இடம்தான் பங்கசுக்கு வேண்டியது. ஆகவே பூட்ஸ் கிடைத்தாலும் உள்ளே பருத்தி மேசு வேண்டும், பையில் மாற்று மேசு ஒரு சோடி வேண்டும். இரவில் பூட்ஸுக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுத்துவிடும்; காலையில் எடுத்துவிட வேண்டும். மேசுகளைச் சூடான தண்ணீரில் துவையுங்கள், குளிர்ந்த பீலித் தண்ணீரில் அலசினால் பங்கசுக்கு ஒன்றும் ஆகாது. துணியால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். நாங்கள் வார்டில் நோயாளிகளுக்குச் சொல்லும்போது, சுண்டுவிரல் இடுக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வோம், ஏனென்றால் நெருக்கமான அந்த இடுக்கில்தான் தோல் முதலில் வெளுத்து வெடிக்கிறது.

மகளே, உங்கள் அம்மாவின் விஷயத்தில் என் கவலை நகமல்ல, நீரிழிவு. நீரிழிவில் காலின் உணர்வு குறைந்துபோகும். வலி இல்லை என்று அம்மா சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்தி, அடியிலுள்ள சதையை அழுத்தி, அவருக்குத் தெரியாமலே புண் உண்டாகும். விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பக்டீரியா புகுந்தால் கால் முழுவதும் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும். அப்படிச் சிவந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு இரவும் வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பாருங்கள், உள்ளங்காலையும் சேர்த்து.

வெட்கத்துக்கு ஒரு வழி: நீங்கள் உள்ளே கூடப் போய், அம்மா வாய் திறக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். நீரிழிவு கிளினிக்கில் காலைப் பார்ப்பது வைத்தியருடைய வேலையின் பாகம்.

மலையேறி (மஸ்கெலியா):

என் கேள்வியும் நகம் பற்றியது. சீசனில் சிவனொளிபாதமலை ஏறி நல்லதண்ணிப் பக்கம் இறங்கிய பிறகு, இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. கூட்டாளிகள் பங்கசு என்கிறார்கள்.

ஆய்வுகூட அண்ணன் (கண்டி):

தம்பி, படியிறங்கும்போது விரல் சப்பாத்தின் முன்பக்கத்தில் இடித்துக்கொண்டே வரும், நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டும். இரண்டு காலிலும் ஒன்றாக வந்திருப்பதால் அதுவாகத்தான் இருக்க வேண்டும். உறுதி செய்ய எளிய வழி உண்டு: இரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், பின்னால் சுத்தமான நகம் முளைத்து வரும்.

நகராமல் நின்றால், அல்லது ஒரே ஒரு விரலில் அடியிலிருந்து நுனிவரை கறுத்த கோடு ஓடி நாளாக நாளாக அகலமானால், அல்லது கருமை நகக்கண் தோலுக்கும் பரவினால், உடனே தோல் வைத்தியரிடம் போக வேண்டும். அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் கண்டது அதுதான். முதலில் உதைபந்தாட்டக் காயம் என்று நினைத்தார்கள். 1981இல் 36 வயதில் இறந்துபோனார். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும், அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். தனியாக ஒரு விரலில் புதிதாக வருவதைத்தான் கவனிக்க வேண்டும்.

கரும்பலகை (கம்பளை):

மாத்திரை பற்றித் தம்பியிடம் கேட்கிறேன். ஈரலைக் கெடுக்கும் என்று எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார். நகத்துக்காக ஈரலைப் பணயம் வைக்க வேண்டுமா? பூசுகிற மருந்தே போதாதா?

மருந்துக்கடைத் தம்பி (ஹட்டன்):

நியாயமான கேள்வி, டீச்சர். டெர்பினஃபினால் ஈரல் கடுமையாகக் கெடுவது அரிது, ஆனால் நடப்பதுண்டு. அதனால்தான் தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. எடுக்கும் காலத்தில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனாலோ, சாப்பாடே வேண்டாம் என்றாலோ, உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். மது அருந்துபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்கு நாக்கில் சுவை போய்விடும். பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் சில மாதம் ஆகலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடும் மோதும்.

பூச்சு மருந்துக்கும் இடம் உண்டு. ஒன்றிரண்டு நகம், அதுவும் நுனிப்பாதி மட்டும், அடிப்பகுதி சுத்தம் என்றால் அமொரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சை வாரம் ஒருமுறை அல்லது இருமுறை, நகத்தை அரத்தால் தேய்த்த பிறகு பூசலாம். கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம். விலையும் அதிகம், பொறுமையும் வேண்டும். நகம் முழுவதும், வேர்வரை போய்விட்டால் பூச்சு மட்டும் போதாது. தடித்த நகத்தை 40 சதவீத யூரியாக் களிம்பால் இளக்கி மெலிதாக்குவதும் ஒரு முறை, மாத்திரையோடு சேர்த்துச் செய்வார்கள். உண்மையைச் சொன்னால், மாத்திரையை முழுமையாக எடுத்தாலும் எல்லோருக்கும் குணமாவதில்லை, குணமானவர்களிலும் கணிசமானோருக்குத் திரும்பி வருகிறது. நீரிழிவோ, நடக்கத் தடையோ, வலியோ இல்லாத முதியவர்களிடம், நகத்தை வெட்டிச் சீராக வைத்துக்கொண்டால் போதும், மருந்து வேண்டாம் என்று வைத்தியரே சொல்வதுண்டு. அதுவும் சரியான முடிவுதான்.

இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்: சொறி, தேமல், படை எல்லாவற்றுக்கும் ஒன்று என்று கிளொபெட்டசோல், பீட்டாமெதசோன் கலந்த கிறீம்களைக் கேட்டு வாங்காதீர்கள். அவை ஸ்டீரொய்ட். அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் அடங்கும், பங்கசு அடியில் தடையில்லாமல் பரவும். கடையில் நிற்கிற நான் தினம் பார்க்கிற துன்பம் இது.

மருதாணி வீடு (பண்டாரவளை):

இவ்வளவு விவரம் தெரிந்ததில் மகிழ்ச்சி, தம்பி. சேற்றுப்புண்ணுக்கு மருதாணியை நான் விடப்போவதில்லை. ஆனால் நீரிழிவு உள்ள காலில் வினாகிரியில் ஊறவைக்கச் சொன்னது சரியா என்று தாதி அக்காதான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி (பதுளை):

நீரிழிவுக் காலை எதிலும் ஊறவைக்க வேண்டாம், தங்கச்சி. வெடிப்பு இருந்தால் எரிந்து புண்ணாகும், உணர்வு குறைந்தவருக்கு எரிவதே தெரியாது. வெந்நீரும் அப்படித்தான், சூட்டை வீட்டில் வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

கொழுந்துமலை மகள் (தலவாக்கலை):

எல்லோருக்கும் நன்றி. கிளினிக்கில் நானே சொன்னேன். வைத்தியர் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து இரண்டு காலையும் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுத்தார். சுரண்டலில் பங்கசு இழைகள் இருப்பதாக முடிவு வந்துவிட்டது, வளர்ப்பின் முடிவு இன்னும் வரவில்லை. இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்ததால் டெர்பினஃபின் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த லயத்து அக்கா கொடுத்த அட்டை இட்ரகொனசோல். அம்மாவின் கொலஸ்ட்ரோல் மாத்திரை சிம்வாஸ்டட்டின். அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இரண்டு கேள்விகள். மாத்திரை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிற என் அண்ணனுக்கு விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக உரிகிறது, உள்ளங்கால் வறண்டு செதிலாக இருக்கிறது. நகம் நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

மருந்துக்கடைத் தம்பி (ஹட்டன்):

நல்ல செய்தி, அக்கா. கால் நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். கெட்டுப்போன பகுதி திருந்தாது, அது வளர்ந்து வெளியேறத்தான் வேண்டும். அதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. மாத்திரை 12 வாரத்தில் முடிந்தபோதும் நகம் அசிங்கமாகவே இருக்கும், பயப்படாதீர்கள். மருந்து நகத்துக்குள் அதன்பிறகும் சில மாதம் நிற்கிறது. நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில் அரத்தால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள், தோல் படாமல். மாதம் ஒருமுறை பாருங்கள். கோடு நுனியை நோக்கி நகர்ந்து, அதன் பின்னால் இளஞ்சிவப்பு நகம் வந்தால் வேலை செய்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கைபேசியில் அதே வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

அண்ணனுக்கு இருப்பது, சொல்வதைப் பார்த்தால், அதே பங்கசு தோலில். அவரை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் குணப்படுத்த முடியாது, அவருக்கும் நாளைக்கு நகத்தில் ஏறும். டெர்பினஃபின் 1 சதவீதக் கிறீம் விரலிடுக்குக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் போதும், உள்ளங்காலுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். காலைக் காட்டிவிட்டுத் தொடங்கினால் நல்லது. உரிகிற இடத்தோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள நல்ல தோலிலும் இரண்டு சென்றிமீற்றர் வரை பூசச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தனித்தனி நகவெட்டி வாங்குங்கள். அம்மாவின் பழைய மூடிய சப்பாத்தை இனிப் போட வேண்டாம். அதற்குள் பங்கசு வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.